பெயர் கேட்காத ஓடை

ஆற்றுத் துறைமுக ஊரான பைசாந்தூவில் சுல்மா எச்செபார்னேயைத் தெரியாதவர்கள் குறைவு. பிடிக்காதவர்கள் உண்டு. அவர்களும் அவள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பிடிக்கவில்லை என்பார்கள். இருபது வருஷம் உள்ளூர் வானொலியில் செய்தி வாசித்தவள். வானொலி கைமாறியபோது புதிய முதலாளி தன் மைத்துனியைக் கொண்டுவந்து உட்காரவைத்து, இவளுக்குப் பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டார். அப்போது வயது நாற்பத்தேழு. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. துறைமுகத்துக்கு மேலே மேட்டுத் தெருவில் அம்மா விட்டுப்போன வீடு இருந்தது. அந்த வீட்டுச் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, 2008இல் ‘எல் ரெமான்சோ’ என்ற செய்தித் தளத்தைத் தொடங்கினாள். ஆற்றுநீர் வேகம் அடங்கி ஓயும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

தினமும் காலை ஏழு மணிக்கு முதல் செய்தி ஏறும். துறைமுகத்தில் ஆறு எத்தனை மீட்டர், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அது. அதன்பின் யார் இறந்தார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் வராது, நகரசபையில் யார் யாரைத் திட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யார் கோல் அடித்தார்கள். நறுக்கென்று எழுதுவாள். வானொலிக்காரி அல்லவா, மூச்சு விடாமல் வாசிக்க முடியாத வாக்கியம் அவள் கையிலிருந்து வராது.

தளத்தைக் கட்டிக்கொடுத்தவன் எபெர். பள்ளிக்கூடங்களில் கணினி பழுதுபார்க்கும் வேலை, முப்பதைத் தாண்டியவன், பேச்சு குறைவு. அவன்தான் தளத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் படத்தைப் போட்டான். அது செய்தியோடை. புதிதாக எது ஏறினாலும் முழுசாக அந்த ஓடையில் சேர்ந்துவிடும். வேண்டியவர்கள் தங்கள் கணினியில் ஒரு திரட்டியை வைத்து ஓடையின் முகவரியை ஒருமுறை கொடுத்தால் போதும். திரட்டியே மணிக்கொருதரம் போய்ப் பார்த்து, புதியதை எடுத்து வந்து வைக்கும். பெயர் கேட்காது, மின்னஞ்சல் கேட்காது. எடுத்துப்போகிறவர் யார் என்று எழுதுகிறவளுக்கும் தெரியாது.

“இதனால எனக்கு என்ன லாபம்?” என்று அப்போதே கேட்டாள் சுல்மா.

“லாபம்னு ஒண்ணுமில்ல, டோன்யா சுல்மா. படிக்கிறவங்களுக்கு வசதி,” என்றான் எபெர். டோன்யா என்பது மூத்த பெண்களுக்கு அங்கே வழங்கும் மரியாதைச் சொல்.

படிக்கிறவர்களின் வசதிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுல்மாவுக்கு ஒரே தம்பி, தார்தோ. நான்கு வயது இளையவன். ஊருக்கு வெளியே பாலாடைக்கட்டி ஆலையில் மேற்பார்வையாளன். ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்கு வந்து இறைச்சி சுடுவது அவன் வேலை. சுடும்போது பக்கத்தில் யாரையும் அண்டவிட மாட்டான்.

2011 நவம்பரில், ஆலையை ஒட்டி ஓடும் சிற்றாற்றில் மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. சனம் கரையில் கூடிவிட்டது. ஆலைக் கழிவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வாரம் கழிவுத் தொட்டிக்குப் பொறுப்பு தார்தோ. அவன் நேரே அக்காவின் சமையலறைக்கு வந்தான். உட்காரவில்லை.

“நாலு நாள் பொறு. தண்ணிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கு. முடிவு வரட்டும்.”

“வேற யாரா இருந்தா நாலு நாள் பொறுப்பேனா நான்?”

“வேற யாரா இருந்தாலும் பொறுக்கணும், சுல்மா. அதைத்தான் சொல்றேன்.”

அவள் பொறுக்கவில்லை. மறுநாளே எழுதினாள். தம்பியின் பெயரைப் போட்டாள். அது போதாதென்று, ‘இவர் இச்செய்தியை எழுதுபவரின் உடன்பிறந்தவர்’ என்றும் சேர்த்தாள். ஊர் அவளைக் கொண்டாடியது. சொந்தத் தம்பியையே விடவில்லை பார் என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது என்பதைப் பின்னாளில் அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வெகுகாலம் பிடித்தது.

பதினொரு நாள் கழித்து ஆய்வு முடிவு வந்தது. ஆலையில் ஒரு கோளாறும் இல்லை. மேலே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, உரிமம் இல்லாமல் யாரோ நடத்திய தோல் பதனிடும் கொட்டகையிலிருந்து வந்த நஞ்சு. சுல்மா திருத்தம் போட்டாள். சனிக்கிழமை, கால்பந்துச் செய்திக்குக் கீழே. அன்று மாலை தார்தோ தொலைபேசியில் அழைத்தான்.

“நாலு வரி. எண்ணிப் பாத்தேன்,” என்றான். வைத்துவிட்டான்.

செய்தி வந்த அன்றே ஆலை அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. இப்போது திரும்பக் கூப்பிட்டது; அவன் போகவில்லை. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி கிச்சோனில், நெல்பா என்ற செவிலியோடு குடியேறினான். தேனீ வளர்க்கிறான் என்று கேள்வி. முதல் வருஷம் சுல்மா இரண்டு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. அவளுக்கும் ரோஷம் குறைவில்லை, மூன்றாவது எழுதவில்லை.

ஏழு வருஷம் இப்படியே ஓடியது. 2018இல் சிறு பத்திரிகைக்காரர்களுக்கென்று தலைநகர் மொந்தேவிதேயோவில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது, சுல்மா போனாள். அங்கே பேசிய ஆலோசகர் அரங்கைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். உங்களைப் படிப்பவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒருவரும் கை தூக்கவில்லை. மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புங்கள், பெயர் தெரியும், முகவரி தெரியும், யார் எத்தனை மணிக்குத் திறந்தார், எந்தச் செய்தியை அழுத்தினார் எல்லாம் தெரியும் என்றார். பத்து வருஷமாகச் சமையலறைச் சுவரைப் பார்த்து எழுதியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? முகம் தெரியாத கூட்டத்துக்கு விளக்கைப் போட்டது மாதிரி இருந்தது.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே எபெரை வரவழைத்தாள். மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீரைக் குழலில் உறிஞ்சிக்கொண்டே அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மடல் அனுப்பலாம், நல்லதுதான். ஓடையும் இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொந்தரவு பண்ணாது.”

“பண்ணுது. ஓடையில முழுசும் சும்மா கிடைக்கும்போது எவன் வந்து பேரைப் பதிவான்?”

“பதிய இஷ்டமில்லாதவங்க இருப்பாங்க, டோன்யா. தினம் நாப்பது அம்பது மிஷின் வந்து எடுத்துட்டுப் போகுது.”

“யாரு அவங்க?”

“தெரியாது. தெரியாம இருக்கறதுதான் அதோட வேலையே.”

“பேரு சொல்லாதவங்க எனக்கு எதுக்கு, எபெர்?”

அவன் மாத்தேக் குடுவையை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். ஜூன் கடைசியில் ஓடை மூடப்பட்டது. தளத்திலும் இனி தலைப்பும் இரண்டு வரியும் மட்டும். முழுசும் படிக்க வேண்டுமானால் பெயரும் முகவரியும் கொடுத்து மடல் வாங்க வேண்டும்.

ஓடை நின்றதைப் பற்றி மூன்றே மூன்று புகார் வந்தது. இரண்டு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள். மூன்றாவது, தளத்தின் படிவத்தில் பெயரும் முகவரியும் இல்லாமல் வந்தது. ‘ஓடை நின்றுவிட்டது. முழுசும் வேண்டாம். ஆற்றின் உயரம் மட்டுமாவது அதில் வந்தால் போதும்.’ யாருக்கென்று பதில் போடுவது? சுல்மா அதை அழித்துவிட்டாள்.

மடல் நன்றாகவே போனது. மூன்று மாதத்தில் ஆயிரத்து இருநூறு பேர். முதல் நாள் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. பல் மருத்துவர் ஏழு மூன்றுக்குத் திறந்திருக்கிறார். பாதிரியார் இரண்டு தடவை திறந்திருக்கிறார். ஆனால் பட்டியல் என்பது ஒரு கெட்ட பழக்கம். கொஞ்ச நாளில் எழுதும் நேரத்தைவிடப் பட்டியலைப் பார்க்கும் நேரம் கூடிப்போனது. யார் விலகினார்கள், யார் திறக்கவேயில்லை என்று தேட ஆரம்பித்தாள். ஒருநாள் மருந்துக்கடையில், இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொடுத்த இல்தாவிடம் கேட்டேவிட்டாள்.

“மூணு வாரமா நீ மடலைத் திறக்கல, இல்தா.”

இல்தா கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். “அது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப நான் எந்த எந்தச் செய்தி படிச்சேங்கறதும்?”

“அதுவும்தான்.”

“நீ என்ன மாத்திரை சாப்பிடறேன்னு எனக்கும்தான் தெரியும், சுல்மா. நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. உன்கிட்டயே கேக்கறதில்ல.”

அன்றே இல்தா மடலிலிருந்து விலகிக்கொண்டாள். வேறு சிலரும் போனார்கள். மடல் சில பேருக்குக் குப்பை அஞ்சலில் விழுந்தது. விழுந்ததென்று அவர்களுக்கே தெரியவில்லை. திறக்கவைக்க வேண்டுமே என்று தலைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூவ ஆரம்பித்தன. ஆற்றின் உயரத்தை ஒருவரும் அழுத்துவதில்லை என்று பட்டியல் காட்டியதால் அதை மடலின் அடிக்குத் தள்ளினாள். அப்புறம் வெள்ளக் காலத்தில் மட்டும் போட்டாள்.

2021 நவம்பரில், மீன்கள் செத்துப் பத்து வருஷம் ஆனது. அந்த வாரம் முழுக்க சுல்மா வேறெதுவும் எழுதவில்லை. அறுபது வயதில் உட்கார்ந்து, தான் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். நான்கு நாள் பொறுக்கச் சொன்னவன் சொன்னது சரி என்று எழுதினாள். ஊர் புகழ்ந்ததும் அது தனக்குப் பிடித்திருந்ததும், திருத்தத்தைக் கால்பந்துக்குக் கீழே ஒளித்ததும், எல்லாம். பெயர் போட்டுக் கெடுத்தது ஊரறிய. மன்னிப்பும் ஊரறியத்தான் கேட்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ‘மீன்கள் செத்த ஆண்டு’ என்று தலைப்பிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை மடலில் அனுப்பினாள்.

அதுவரை எந்த மடலையும் அத்தனை பேர் திறந்ததில்லை. பாதிரியார் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இல்தாகூட யாரிடமோ வாங்கிப் படித்துவிட்டு, தெருவில் நிறுத்தித் தலையசைத்தாள். சுல்மா ஒரே ஒரு பெயரைப் பட்டியலில் தேடினாள். இல்லை. இருக்காது என்று தெரியும். ஆனாலும் ஊரே படித்திருக்கிறது, கிச்சோனுக்கு எட்டாமலா போகும்? யாராவது சொல்லியிருப்பார்கள். தொலைபேசி வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தாள். கிறிஸ்துமஸ் போனது, கார்னிவல் போனது. ஈஸ்டரில் ஊரே பீர்த் திருவிழாவில் இருந்தபோது அவள் எபெரிடம் சொன்னாள்:

“இதுக்கு மேல நான் என்ன செய்யணும்? மண்டி போடணுமா? அவனுக்கு மன்னிக்க இஷ்டமில்ல. விடு.”

ஒரு தடவை நேரில் போயிருக்கலாம். பேருந்தில் இரண்டு மணி நேரம். அதை அவள் செய்யவில்லை.

ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நெல்பா அழைத்தாள். முந்தின நாள் தேன்கூடுகளுக்கு நடுவில் தார்தோ விழுந்துகிடந்தான்; இதயம். அடக்கம் மதியம் மூன்று மணிக்கு. சுல்மா கிடைத்த பேருந்தைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். கல்லறையில் இருபது பேர்கூட இல்லை. தேன் வாங்குகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்ததும் நெல்பா அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உயரமான, நிதானமான பெண். அழுது முடித்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்களைப் பத்திப் பேசவே மாட்டார். ஆனா காலைல ஏழு மணிக்கு மாத்தேயோட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடுவார். ‘ஆறு ரெண்டு மீட்டர் எண்பது, ஏறுது’ம்பார். இந்த ஊர்ல ஆறே கிடையாது. அதை வெச்சு நான் என்ன பண்ண?”

சுல்மா நிமிர்ந்து பார்த்தாள். “என் தளத்தையா படிச்சான்?”

“இங்க வந்த முதல் வாரத்துலேர்ந்து. செத்தவங்க பேரை எனக்குச் சத்தமா வாசிப்பார். எனக்கு அவங்கள்ல ஒருத்தரையும் தெரியாது. சில நாள் ‘இந்த வாக்கியம் நல்லா வந்திருக்கு’ன்னு தனக்குத்தானே சொல்லிக்குவார். அப்புறம் ஒருநாள் நின்னுபோச்சு. தான்தான் ஏதோ கெடுத்துட்டோம்னு ரெண்டு நாள் அதைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தார். கடைசில உங்களுக்கே நாலு வார்த்தை எழுதினார். பேர் போடல. பதில் வரலைன்னார்.”

ஆற்றின் உயரம் மட்டுமாவது போதும் என்று எழுதியவன் யார் என்பது சுல்மாவுக்கு இப்போது புரிந்தது.

“மடல் வாங்கியிருக்கலாமே,” என்றாள்.

“நானும் அதைத்தான் சொன்னேன். பேரைக் குடுத்தா அனுப்புவாங்களாம், குடேன்னேன். ‘குடுத்தா அவ பாப்பா’ன்னார். பாத்தா என்னன்னு கேட்டேன். ‘பாத்தா நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்குவா. நான் மன்னிக்கல. படிக்கிறேன், அவ்வளவுதான்’னார்.”

“என் பேர்ல பதியறேன்னு சொன்னதுக்கும் ஒத்துக்கல,” என்று நெல்பா சேர்த்துக்கொண்டாள். “பொய்ப் பேர்ல உள்ள போறது திருட்டாம்.”

சுல்மா, கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

“போன நவம்பர்ல ஒண்ணு எழுதினேன். மீன்கள் செத்ததைப் பத்தி. அவன்கிட்ட யாராவது சொன்னாங்களா?”

“எதைப் பத்தி?” என்றாள் நெல்பா.

அவ்வளவுதான். பைசாந்தூ முழுக்கப் படித்து, பாராட்டி, மறந்தும்போன ஒன்று, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவனைத் தவிர எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

நெல்பா அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கணினியைக் காட்டினாள். திரட்டி திறந்தே இருந்தது. இடப்பக்கம் வரிசையாகப் பெயர்கள்: தேனீ வளர்ப்போர் சங்கம், வானிலை, ஒரு கால்பந்துக் குழு. நான்காவது எல் ரெமான்சோ. பக்கத்தில், ஓடை கிடைக்கவில்லை என்று காட்டும் சிவப்புப் புள்ளி. அழுத்தினால் கடைசியாக வந்த செய்தி 2018 ஜூன் 29. அதற்குக் கீழே பழையவை எல்லாம் அப்படியே இருந்தன. நான்கு வருஷமாக வராத ஒன்றை அவன் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கவில்லை. சுல்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். நெல்பா தோளைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய், தண்ணீர் கொதித்து அடங்கும்வரை சமையலறையிலேயே இருந்தாள்.

ஊர் திரும்பியதும் எபெரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தன் மடிக்கணினியைத் திறந்து, தளம் இயங்கும் வழங்கிக் கணினியின் பதிவேட்டைக் காட்டினான். மூடின ஓடையின் முகவரிக்கு மணிக்கொருதரம் வந்து, ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகும் கணினிகள் இன்னும் பதினேழு இருந்தன. நேற்றும் வந்திருந்தன.

“நாலு வருஷமாவா?”

“நாலு வருஷமா. திரட்டி அலுத்துக்காது, டோன்யா.”

“இதை ஏன் எனக்குச் சொல்லல?”

“முதல் மாசமே சொன்னேன். அன்னைக்கு மடல்ல ஐநூறு பேர் சேர்ந்துட்டாங்கன்னு கேக் வாங்கிட்டு வந்திருந்தீங்க.”

அவன் சொன்னது அவளுக்கு நினைவில்லை, கேக் மட்டும் நினைவிருந்தது.

“திரும்பத் திறக்க முடியுமா? அதே முகவரியில?”

“பத்து நிமிஷ வேலை.”

திறந்தான். முன்போலவே முழுச் செய்தியும் ஓடையில் வரும்படி செய்தான். அவள் கேட்டுக்கொண்டதன்படி, எல்லாவற்றுக்கும் முதலில் ‘மீன்கள் செத்த ஆண்டு’ போனது. மடலையும் அவள் நிறுத்தவில்லை. வயதானவர்கள் பலருக்கு அதுதான் பழகியிருந்தது. ஆனால் யார் திறந்தார், யார் அழுத்தினார் என்று கண்காணிக்கும் வசதியை மொத்தமாக அணைத்துவிடச் சொன்னாள். அதை இல்தாவிடம் சொல்வதற்கு மருந்துக்கடைக்கே போனாள். இல்தா, “சரி, பாக்கலாம்,” என்றாளே தவிர, திரும்பச் சேரவில்லை.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு நெல்பா அழைத்தாள்.

“வந்துச்சு. சிவப்புப் புள்ளி போயிடுச்சு. படிச்சேன்.”

சுல்மா காத்திருந்தாள்.

“நீளம் ஜாஸ்தி,” என்றாள் நெல்பா. “அவர் இருந்திருந்தா பாதியை வெட்டச் சொல்லியிருப்பார்.”

“எந்தப் பாதிய?”

“நீங்க எவ்வளவு வருத்தப்பட்டீங்கன்னு வர்ற இடத்தையெல்லாம்.”

சுல்மா அன்று முழுக்க அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். நெல்பா சொன்னது சரிதான். மாலையில் அந்த இடங்களை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, தார்தோ சொன்னதும் அவன் செய்யாததும் மட்டும் மிஞ்சின. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதையே மறுபடி ஓடையில் விட்டாள். பதினேழு கணினிகளில் பதினாறின் சொந்தக்காரர் யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.